வீட்டுக் குப்பையும் ஸ்தல ஸ்தாபனங்களும்

இந்திய சர்க்கார் 2026-ம் வருஷம் ஜனவரியில் வெளியிட்டு, ஏப்ரல் முதல் தேதியை அமுல் தேதியாகக் குறித்த புதிய திடக்கழிவு விதிகள், ஒவ்வொரு வீட்டாரும் தம் குப்பையை நான்காகப் பிரித்துத் தரவேண்டும் என்று விதிக்கின்றன. சமையலறைக் கழிவு ஒன்று. காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் முதலிய உலர்ந்த சாமான்கள் ஒன்று. நாப்கின் முதலிய சுகாதாரக் கழிவு ஒன்று. காலங்கடந்த மருந்து, பெயிண்டு டப்பா, உடைந்த பல்பு போன்று தனிக் கவனம் வேண்டியவை ஒன்று. 2016-ம் வருஷத்து விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. அதற்கு முன் 2000-ம் வருஷத்திலும் விதிகள் பிறந்தன; 1996-ல் அல்மித்ரா படேல் என்னும் அம்மையார் சுப்ரீம் கோர்ட்டில் தொடுத்த வழக்கை ஒட்டி எழுந்தவை அவை. ஆக, முப்பது வருஷ காலமாக இத்தேசத்தில் குப்பையைப் பற்றிய விதிகளுக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் வேறிடத்தில் இருக்கிறது. டில்லியில் அச்சாகும் விதி ஜில்லாக் கலெக்டர் ஆபீஸ் வழியாக இறங்கி வந்து, பேரூராட்சி ஆபீஸின் மதில்மேல் வர்ணச் சித்திரமாக முடிந்து விடுவதை ஜனங்கள் பலமுறை பார்த்துவிட்டார்கள். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி இரண்டும் வழங்கியாயிற்று. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற சொற்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அப்படியிருந்தும் அநேக ஊர்களில் ஊரெல்லையைத் தாண்டினவுடன் வழியோரத்தில் புகைந்துகொண்டிருக்கும் குப்பைமேடுதான் நம்மை எதிர்கொள்கிறது. இதற்கு அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம், ஜனங்களுக்கு இன்னும் விழிப்பு ஏற்படவில்லை என்பது. இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. குற்றம் வீட்டு வாசலுக்கு உள்ளே இருப்பதைவிட வாசலுக்கு வெளியேதான் அதிகமாக இருக்கிறது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இதைப் பரிசீலிக்கச் சென்னையையோ கோயமுத்தூரையோ எடுத்துக்கொள்வது வழக்கம். நாம் அனந்தபுரத்தை எடுத்துக்கொள்கிறோம். விழுப்புரம் ஜில்லா, செஞ்சித் தாலுகாவைச் சேர்ந்த சிறிய பேரூர் அது. அருகிலுள்ள பனமலையில் இராஜசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் ஆலயத்தைப் பார்க்கப் போகிறவர்களைத் தவிர வெளியூரார் அதிகமாக அதன் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 490 பேரூராட்சிகள் இருக்கின்றன. கிராமமுமன்று, நகரமுமன்று என்னும்படியான இந்த ஊர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் யாரும் எழுதுவதில்லை. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலை மலையாகக் குவிந்துவிட்ட பழங்குப்பையைத் தோண்டிச் சலித்து அகற்றுவதற்குக் கோடிக் கணக்கில் செலவாவதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அனந்தபுரம் போன்ற ஊர்களில் அந்த மலை இன்னும் வளரவில்லை. வளராமலே தடுக்க முடியும். தெரு முடிகிற இடத்தில் நெல்வயலும், மல்லாட்டை என்று இப்பக்கத்தார் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையும் ஆரம்பமாகிவிடுகின்றன. மக்கிய எருவுக்குக் கிராக்கி கூப்பிடு தூரத்திலேயே உண்டு. பெருநகரத்துக்கு இல்லாத இந்தச் செல்வம் சிற்றூருக்கு இருக்கிறது.

மேலும் இவ்வூர்களின் ஜனங்களுக்குக் குப்பையைப் பிரிக்கத் தெரியாது என்று சொல்வது வேடிக்கையாகும். நம் கிராமங்களில் 'வயலுக்குக் குப்பை அடித்தாயிற்றா?' என்று ஒரு குடியானவர் மற்றொருவரைக் கேட்டால், கேட்டது எருவைப் பற்றி. குப்பை என்ற சொல்லுக்கு எறியப்பட வேண்டிய அசுத்தம் என்ற பொருள் மட்டுமே இருந்திருந்தால் அதை யாரும் வண்டி கட்டி வயலுக்குக் கொண்டுபோயிருக்கமாட்டார்கள். இரண்டு தலைமுறைக்கு முன்வரையில் ஒவ்வொரு வீட்டிலும் பிரிவினை தானாகவே நடந்தது. அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் வடித்த கஞ்சியும் கழுநீர்ப் பானைக்குப் போயின. சொந்த மாடு இல்லாத வீட்டிலிருந்து மாடு வைத்திருக்கும் அண்டை வீட்டார் வந்து எடுத்துப் போனார்கள். சாணமும் சாம்பலும் கூட்டிய சருகும் புழக்கடை எருக்குழிக்குப் போயின. பழைய இரும்பும் ஓட்டைப் பித்தளையும் பரண்மேல் காத்திருந்து, தெருவில் குரல் கொடுத்து வருகிறவரிடம் பேரீச்சம்பழமாக மாறின. கிழிந்த துணிக்குப் பாத்திரம் கிடைத்தது. இவற்றில் எதையும் எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. பிரித்த ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. வந்து வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். ஆகவே பிரித்தார்கள்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தவை இரண்டு. ஒன்று, போய்ச் சேர இடமில்லாத ஒரு புதுப்பொருள் வீட்டுக்குள் நுழைந்தது. ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் அடைத்துச் சில்லறைக் காசுக்கு விற்கும் வித்தையைப் பிரசித்தமாக்கியவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். 1993-ல் ஜில்லா பிரிக்கப்படும்வரை கடலூரும் அனந்தபுரமும் ஒரே தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தவை. பணக்காரர் வீட்டுப் பொருளை ஏழையின் கைக்கெட்டச் செய்த அவருடைய புத்தி சாதுரியத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வழியைப் பின்பற்றி எண்ணெய், ஊறுகாய், காப்பித்தூள், பாக்கு என்று எல்லாம் பொட்டலமாகிவிட்ட பிறகு, உள்ளேயிருந்தது ஒரு நாளில் தீர்ந்துபோக, மேலே சுற்றியிருந்தது தலைமுறைக்கும் தீராமல் கிடக்கிறது. மாடு தின்னாது, மண் ஏற்காது, காயலான் கடைக்காரரும் வாங்கமாட்டார்.

இரண்டாவது காரணம்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. வீட்டுப் பெண்மணி வெங்காயத் தோலையும் வாழையிலையையும் ஒரு வாளியிலும், பால் கவரையும் அட்டைப் பெட்டியையும் ஒரு பையிலுமாகக் கொண்டுவந்து வாசலில் நிற்கிறாள். தள்ளுவண்டி வருகிறது. வண்டியில் இருப்பது ஒரே தொட்டி. அல்லது இரண்டு தொட்டி இருந்தும் ஒன்று நிரம்பிவிட்டது. வாளியும் பையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்க்கப்படுகின்றன. அவள் கண்ணெதிரே, அவள் கால்மணி நேரம் செய்த வேலை அரைக்கால் நிமிஷத்தில் அழிகிறது. மறுநாள் அவள் பிரிக்கமாட்டாள். அவளைப் பார்த்து 'விழிப்புணர்ச்சி இல்லை' என்று சொல்வது அநியாயம். அவள்தான் நன்றாக விழித்துக்கொண்டவள். வண்டியின் லட்சணத்தை ஒரே நாளில் புரிந்துகொண்டுவிட்டாள். அனந்தபுரத்து வண்டியைத் தனியே சுட்டி நாம் இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் பெரியதும் சிறியதுமான எத்தனையோ ஊர்களில் வாசகர்கள் தம் வாசலிலேயே கண்டிருக்கக்கூடியது இது.

வண்டியில் நடக்கும் இந்தக் கலப்பினால் விளைகிற நஷ்டம் என்ன என்பதைச் சற்று விவரமாகப் பார்க்கவேண்டும். ஏனெனில் பலர் எண்ணுவதுபோல் கலந்ததைப் பின்னால் பிரித்துக்கொள்வது அவ்வளவு எளிதல்ல. குழம்பு பட்ட காகிதத்தைக் காகித ஆலை ஏற்காது. சோற்றுப் பருக்கை ஒட்டிய பால் கவரைக் கழுவிக் காயவைக்கும் கூலி அதன் விலையைவிட அதிகம். ஆக உலர்ந்த சாமான் தன் விலையை இழக்கிறது. ஈரக் குப்பைக்கு நேரும் கதி இன்னும் மோசம். அதைக் குழியிலோ குவியலிலோ போட்டு, ஈரம் பார்த்து, வாரத்துக்கொரு முறை புரட்டிக் கொடுத்தால், உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறி இறங்கி, ஒன்றரை இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு கூடிய எருவாகிறது. ஆனால் அதில் ஒரு சவரப் பிளேடு, ஓர் ஊசி, ஓர் உடைந்த சீசாத் துண்டு கிடந்தால் போதும். சலித்தாலும் சில்லு தப்பும். அந்த எருவை வாங்கிப் போட்ட வயலில் சேற்றுக்குள் வெறுங்காலோடு நின்று நாற்று நடுகிறவள் ஓர் ஏழைக் கூலிப் பெண். அவள் பாதம் கிழிந்த செய்தி ஊரில் பரவினால், பிறகு பேரூராட்சி எருவை இனாமாகக் கொடுத்தாலும் எந்தக் குடியானவரும் வாங்கமாட்டார். 'நகரத்து உரம் என்றால் கவரும் கண்ணாடியும்' என்று விவசாயிகள் ஒதுக்குவதற்குக் காரணம் அவர்களுடைய பிடிவாதமன்று, வண்டியில் நடந்த கலப்பு.

கணக்காகவும் பார்ப்போம். ஆயிரம் வீடுள்ள ஓர் ஊர். வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ குப்பை. அதில் பாதி மக்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 500 கிலோ. மக்கி முடிகையில் எடை நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் 125 கிலோ எரு. வருஷத்துக்கு ஏறக்குறைய 45 டன். ஏக்கருக்கு 5 டன் வீதம் ஒன்பது ஏக்கருக்குக் காணும். இது பெரிய ஐசுவரியமன்று. குப்பையை விற்றுப் பேரூராட்சியின் கஜானாவை நிரப்பிவிடலாம் என்று மேடையில் பேசுகிறவர்களை நாம் நம்பவேண்டியதில்லை. லாபம் வேறு. அந்த 500 கிலோ நாள்தோறும் மேட்டில் போய்ச் சேராமல் இருப்பதே லாபம். ஈரம் சேராததால் மிச்சமுள்ள சாமான் விலைபோவது லாபம். மேட்டிலிருந்து வடியும் கறுப்பு நீர் ஏரிக்கும் கிணற்றுக்கும் இறங்காதது லாபம்.

எருவாக்கும் முறை மேல்நாட்டிலிருந்து வந்த நூதனமுமன்று. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கில விவசாய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரையில் இந்தூரில் இருந்து, இந்தியக் குடியானவர்களிடமும் சீனத்து விவசாயிகளின் வழக்கத்திலிருந்தும் கற்றதை ஒழுங்குபடுத்தி 'இந்தூர் முறை' என்று பெயரிட்டார். பின்னர் 1939-ல் பெங்களூரில் ஸி. என். ஆசார்யா ஊர்க் கழிவுகளுக்கென்றே வேறொரு குழி முறையை வகுத்தார். தஞ்சாவூரில் பிறந்து காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்தை நடத்திய ஜே. ஸி. குமரப்பா, மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பாத பொருளாதாரம் நிலைக்காது என்று 1940-களிலேயே வாதித்தவர். இவ்வளவும் நம் கையில் இருந்தும் ஊர்தோறும் குப்பைமேடு வளர்ந்ததென்றால், குறைவு சாஸ்திரத்தில் இல்லை.

செய்து காட்டிய ஊர்களும் இல்லாமலில்லை. வேலூரைச் சேர்ந்த ஸி. ஸ்ரீநிவாசன் குப்பையைக் காலையும் மாலையும் என்று இரண்டு வேளை வாங்கவேண்டும் என்பதை முக்கிய நியதியாகக் கொண்டார். அதிலுள்ள யுக்தி எளியது: அழுகுவதற்கு முன் கைக்கு வந்தால் காய்கறிக் கழிவு மாட்டுக்கும் வாத்துக்கும் தீனி, மறுநாள் வந்தால் நாற்றம். வேலூர்ப் பக்கத்தில் அவர் நடத்திக் காட்டிய இந்த முறையைத் தமிழ்நாடு முழுவதும் ஏற்குமுன்பே சத்தீஸ்கரில் அம்பிகாபூர் என்னும் நகரம் ஏற்றுக்கொண்டது. 2011 ஜனக்கணக்கில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஜனங்கள் கொண்ட அந்தச் சிறு நகரில், 2015-ல் அப்போதைய கலெக்டர் ரிது ஸைன் முயற்சியால், சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த நானூறுக்கு மேற்பட்ட பெண்கள் வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்கத் தொடங்கினர். ஊரில் பல இடங்களில் சிறு சிறு கூடங்கள். அங்கே கண்ணாடி வேறு, அட்டை வேறு, ஒவ்வொரு ஜாதிப் பிளாஸ்டிக்கும் வேறு என்று பிரித்து எடை போட்டு விற்பனை. வீடுகள் தரும் மாதக் கட்டணமும் விற்ற பணமும் அப்பெண்களின் ஊதியத்துக்கு ஆதாரமாயின. நகரின் வெளியே 16 ஏக்கரில் கிடந்த குப்பைமேடு பூங்காவாயிற்று. வேலூரில் பிறந்த யோசனையை அனந்தபுரம் கற்றுக்கொள்ள அம்பிகாபூருக்குப் போகவேண்டியதில்லை. செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை கடந்தால் வேலூர் வந்துவிடும்.

அம்பிகாபூரில் காரியம் ஏன் கைகூடிற்று என்று ஆராய்ந்தால் ஒரு சங்கதி தெளிவாகும். வண்டி தள்ளுகிறவருக்கும் பிரிந்த சாமானுக்கும் அங்கே சம்பந்தம் உண்டாக்கினார்கள். அட்டை நனைந்தால் நஷ்டம் அவளுக்கு. ஆகவே அவள் வாசலில் நின்று, 'அம்மா, இதை இதோடு சேர்க்காதே' என்று சொல்லுகிறாள். அந்தச் சொல்லுக்கு உள்ள வலு ஆயிரம் சுவர்ச் சித்திரத்துக்கு வராது. நம் ஊர்களில் நடப்பதென்ன? அநேக இடங்களில் ஒப்பந்தக்காரருக்குக் குப்பையின் எடைக்குப் பணம். எடைக்குப் பணம் என்றால் எல்லாவற்றையும் கலந்து ஈரத்தோடு ஏற்றுவதுதான் ஆதாயம்! பிரிக்கச் சொல்லுகிற விதியும் கலப்பதற்குக் கூலி கொடுக்கிற ஒப்பந்தமும் ஒரே ஆபீஸின் ஒரே பீரோவில் இருக்கின்றன.

இங்கே தூய்மைப் பணியாளரைப் பற்றி மனம்விட்டுப் பேசவேண்டும். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை மாற்றித் தூய்மைப் பணியாளர் என்று அழைக்கிறோம். பெயர் மாறியது நன்றே. ஆனால் இன்னமும் அந்த வேலைக்குப் பெரும்பாலும் எந்தச் சமூகத்தார் வருகிறார்கள், எந்தச் சேரியிலிருந்து வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 1901-ல் கல்கத்தா காங்கிரஸுக்குப் போன காந்தியடிகள், அங்கிருந்த அசுத்தத்தைத் தொண்டர்களுக்குச் சுட்டிக் காட்டியபோது, அது தோட்டியின் வேலை என்று பதில் வந்தது. அவர் துடைப்பம் ஒன்றைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். நூற்று இருபது வருஷங்களுக்குப் பின்னும் தொண்டர்கள் சொன்ன அந்தப் பதில்தான் நம் வீடுகளில் வாய்திறக்காமல் சொல்லப்படுகிறது. நாப்கினையும் குழந்தையின் டயாப்பரையும், நீரிழிவுக்காரர் போட்டுக்கொண்ட ஊசியையும், சாம்பார்ச் சக்கையோடு ஒரே பையில் முடிந்து கொடுக்கிறவர், அதை ஒரு மனிதர் கையால் பிரிக்கவேண்டியிருக்கும் என்பதை அறியாதவரல்லர். அறிந்தும், அந்தக் கை தமக்குச் சம்பந்தமில்லாத கை என்று எண்ணுகிறார். வீட்டார்மீது நாம் சாற்றும் குற்றம் இது ஒன்றுதான். ஆனால் இது சிறிய குற்றமன்று. பழைய செய்தித்தாளில் சுற்றி மேலே ஒரு சிவப்புக் கோடு போட்டுத் தனியே தருவதற்கு எந்த வீட்டுக்கும் செலவில்லை.

2025 ஆகஸ்டு மாதத்தில் சென்னையில் ரிப்பன் மாளிகை எதிரே தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் வட்டங்களைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கக்கூடாதென்று பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்து, நள்ளிரவில் கைது செய்து அகற்றப்பட்டார்கள். அந்தத் தகராற்றின் நியாயாநியாயம் வேறு சந்தர்ப்பத்துக்கு உரியது. நாம் இங்கே கவனிப்பது இவ்வளவே: கூலி நாளைக்கு இருக்குமா இராதா என்று தெரியாதவரிடம், அட்டையையும் எலும்பையும் கருத்தாகப் பிரித்து வை என்று கேட்பது எப்படிப் பொருந்தும்? அனந்தபுரம் அளவுள்ள ஊருக்கு வேண்டியவர் சிலரே. அந்தச் சிலருக்குக் கையுறையும் பூட்ஸும், குறித்த தேதியில் சம்பளமும், உலர்ந்த சாமான் விற்ற பணத்தில் பாத்தியதையும் கொடுப்பதற்குப் பெரிய வரவு செலவுத் திட்டம் தேவையில்லை.

இனி, எங்கும் விலைபோகாத பொட்டலங்களின் கதி. இதில் பேரூராட்சியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மதுரை தியாகராஜர் என்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், பொடியாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான கருங்கல் ஜல்லியின்மேல் உருகவிட்டுத் தாரோடு சேர்த்து ரோடு போடலாமென்று காட்டினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சிமெண்டு ஆலைகளின் சூளைக்கும் ஒரு பகுதி போகிறது. இவையெல்லாம் வந்து சேர்ந்துவிட்டதைத் தீர்க்கும் வழிகள். வருவதைத் தடுக்கும் வழிகளல்ல. 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளும் தம்ளர்களும் தடுக்கப்பட்டன. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் வந்தது. மளிகைக்கடை ஏழையின் தம்ளரும் பையும் தடுக்கப்பட்டனவே அல்லாமல், பெரிய கம்பெனிகளின் பொட்டலம் தடையின்றி வருகிறதே என்று சிறு வியாபாரிகள் கேட்கிறார்கள். கேட்பது தவறா? கம்பெனிகள் தாம் அனுப்பிய பிளாஸ்டிக்குக்குத் தாமே பொறுப்பு என்று விதி இருக்கிறது. அந்தப் பொறுப்பு சர்டிபிகேட்டாகவும் கணக்காகவும் எங்கோ தீர்க்கப்படுகிறதே தவிர, ஒரு சிறு பேரூரின் வண்டிக்காரருக்குப் பைசாவாக வந்து சேருகிறதா?

பணம் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாகாணத்திலேயே சாட்சி உண்டு. நீலகிரியில் மதுச்சீசாக்களைக் காட்டில் எறிந்து அவை உடைந்து யானைகளின் காலைக் கிழித்ததால், சென்னை ஹைக்கோர்ட்டின் உத்தரவுப்படி 2022-ல் அங்கே ஒவ்வொரு சீசாவுக்கும் பத்து ரூபாய் அதிகம் வாங்கி, காலிச் சீசாவைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு ஆரம்பமாயிற்று; பிற்பாடு மற்ற ஜில்லாக்களுக்கும் படிப்படியாகப் பரவியது. மதுக்கடையை நாம் ஆதரிக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் குடித்துத் தள்ளாடுகிறவர்கூடப் பத்து ரூபாய்க்காகச் சீசாவைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறார் என்றால், குடிக்காத ஜனங்களுக்கு விழிப்புணர்ச்சி போதவில்லை என்று பிரசங்கம் செய்வதை அதிகாரிகள் நிறுத்திக்கொள்ளலாம். பேரீச்சம்பழக்காரர் இதைச் சர்க்காருக்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்திருந்தார்!

பிரிக்காத ஊரில் மிஞ்சுவது நெருப்பு. மேட்டில் இடம் போதாதபோது கொளுத்துகிறார்கள். வீட்டிலும் கொளுத்துகிறார்கள். போகிப் பண்டிகையன்று பழம் பாயும் ஓலையும் எரிந்த காலம் போய், டயரும் பிளாஸ்டிக்கும் எரிகின்றன. 2018 ஜனவரியில் சென்னையில் அந்தப் புகையினால் ஆகாய விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போயின. அனந்தபுரத்தில் விமானம் இறங்குவதில்லை. ஆகையால் அங்கே புகை செய்திக்கு வராது. மேட்டுக்கு அடுத்த குடிசையில் இருமும் குழந்தையும் செய்திக்கு வராது.

எரியாதது நீரில் போகிறது. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, இந்த ஜில்லாவில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அப்படிப்பட்ட மழைக்கு எந்த வாய்க்காலும் தாங்காது என்பது வாஸ்தவம். எனினும் தாங்கக்கூடிய மழைக்கும் அடைத்துக்கொள்ளும் வாய்க்கால்கள் எத்தனை என்று மதகைத் திறக்கப் போகிறவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். ஏரிப் பாசனத்தை நம்பிய ஜில்லாவில் மதகில் சிக்கும் பாலிதீன் பை கேவலம் அழகைப் பற்றிய பிரச்னையன்று. கடைமடைக்குத் தண்ணீர் போவதும் போகாததும் அதில் அடங்கியிருக்கிறது. 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டபடியால், இத்தாலுகாவுக்கு வரும் யாத்ரீகர்களும் அவர்கள் விட்டுச்செல்லும் தண்ணீர்ப் புட்டிகளும் இனி பெருகவே செய்யும்.

பணத்துக்கு எங்கே போவது என்று பேரூராட்சி அங்கத்தினர்கள் கேட்பார்கள். பல ஊர்களில் வளம் மீட்புப் பூங்கா என்ற அழகிய பெயருடன் கூரையும் குழியும் தராசும் அமைத்தாகிவிட்டது. சொத்து வரியோடு குப்பைக் கட்டணமும் வசூலிக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆகவே கட்டடத்துக்குப் பணம் இருந்தது. கட்டணத்துக்கு அதிகாரமும் இருக்கிறது. வேண்டுவது வண்டியின் நடுவே ஒரு தடுப்பு. ஒரே வண்டிதான் உண்டு என்றால், ஈரக் குப்பை தினமும், உலர்ந்த சாமான் புதனும் சனியும் மட்டும் என்று நாளைப் பிரித்துவிடலாம். அதற்குத் தடுப்புகூட வேண்டாம். பிரிக்காமல் கொடுக்கிற வீட்டில் சண்டை போடாமல், அபராதம் என்று பயமுறுத்தாமல், வாங்காமல் மட்டும் போய்விடட்டும். முதல் மாதம் முணுமுணுப்பு இருக்கும். இந்த முறையை அங்கத்தினர்களும் ஆபீஸ் சிப்பந்திகளும் குடியிருக்கும் தெருக்களில் முதலில் நடத்தவேண்டும். ஊரார் அதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

குப்பை எடுக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது எடைக்குப் பணம் என்ற ஷரத்தை நீக்கி, மேட்டுக்குப் போகாமல் மிச்சப்படுத்திய அளவுக்குப் பணம் என்று எழுதவேண்டும். ஒப்பந்தமே வேண்டாம், உள்ளூர்ப் பெண்கள் குழுவிடம் ஒப்படைக்கலாம் என்றால் அது இன்னும் சிலாக்கியம். பேரூராட்சி ஆபீஸின் வாசலில், வர்ணச் சித்திரம் தீட்டிய சுவருக்கு அருகே ஒரு கரும்பலகை வைத்து, அந்த மாதம் எத்தனை கிலோ எரு விற்றது, எத்தனை கிலோ அட்டையும் பிளாஸ்டிக்கும் கடைக்குப் போயின, அந்தப் பணம் எந்தெந்தப் பணியாளருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, மேட்டுக்குப் போன மிச்சம் எவ்வளவு என்பதை எழுதிப் போடட்டும். முதல் மாதத்துத் தொகை சிரிப்புக்கிடமாகச் சிறிதாயிருந்தாலும் அதை உள்ளபடியே எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.